தமிழ் தோன்றாத திரை: பென்டிரைவ் வழி இயங்குதள நிறுவலும் புதுச்சேரியின் நான்கு மொழிகளும்

ஆய்வுச் சுருக்கம்

கணினியில் இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்து நிறுவும்போது எழும் சிக்கல்கள் தொழில்நுட்பச் சிக்கல்களாக மட்டுமே பேசப்பட்டு வருகின்றன. அவற்றுக்கு ஒரு மொழி வரலாறும் உண்டு. நிறுவலில் பிழை நேரும் இடங்களில் பெரும்பாலானவை தமிழ் எழுத்துகளைத் திரையில் காட்ட இயலாத அடுக்குகளிலேயே அமைந்துள்ளன. தமிழ், மலையாளம், தெலுங்கு, பிரெஞ்சு ஆகிய நான்கு மொழிகளுக்கும் இடமுள்ள புதுச்சேரி ஒன்றியப் பகுதியைக் களமாகக் கொண்டு, அந்த அடுக்குகளில் எந்த மொழி தோன்றுகிறது, எது தோன்றவில்லை, அதற்கான காரணம் என்ன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கலைச்சொற்கள்: பென்டிரைவ், இயங்குதளம், பயாஸ், யூ.ஈ.எஃப்.ஐ., டெபியன், தமிழாக்கம், ஒருங்குறி, புதுச்சேரி

முன்னுரை

1954 நவம்பர் 1ஆம் நாள் புதுச்சேரியின் நிருவாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்டு 16இல் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு உடன்படிக்கையின் 28ஆம் கூறு, மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாகத் தொடரும் என்று வகுத்தது. 1965ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழுக்கு இடம் தந்தது. மாகேயில் மலையாளத்துக்கும் ஏனாமில் தெலுங்குக்கும் வழி செய்தது. ஆங்கிலப் பயன்பாடும் தொடர்ந்தது. இவ்வாறு சட்டத்தின் முன் தமிழ் முதன்மை பெற்ற ஊரில், ஒரு கணினியின் மின்விசையை அழுத்தியதும் முதலில் தோன்றும் திரையில் எந்த மொழி இருக்கிறது என்னும் வினா இதுவரை போதிய கவனம் பெறவில்லை.

இயங்குதளம் ஏறிய பிறகு தமிழ் எப்படி இயங்குகிறது என்பது பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. 2014 செப்டம்பர் 19 முதல் 21 வரை புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் உத்தமம் நடத்திய 13ஆம் தமிழ் இணைய மாநாடு அத்தகைய உரையாடலுக்கான களங்களுள் ஒன்று. அதே ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் விண்டோஸ் எக்ஸ்பிக்கான மைக்ரோசாப்டின் ஆதரவு முடிவடைந்திருந்தது. பழைய கணினியைக் கைவிடுவதா, அதில் வேறோர் இயங்குதளத்தை நிறுவுவதா என்னும் கேள்வி அலுவலகங்களிலும் வீடுகளிலும் எழுந்த காலம் அது. இயங்குதளத்தை மாற்ற முனைபவர் முதலில் சந்திப்பது தமிழ் அறியாத திரையையே.

நகலெடுத்தலும் எழுதுதலும்

இன்றைய நிறுவலில் மிகப் பரவலாக நேரும் பிழை மிக எளியது. இணையத்திலிருந்து இறக்கிய ஐ.எஸ்.ஓ. கோப்பைப் பயனர் பென்டிரைவில் நகலெடுத்து வைக்கிறார். கணினி அதைக் கண்டுகொள்வதில்லை. கோப்பை நகலெடுப்பதும் கோப்பின் உள்ளடக்கத்தைக் கருவியின்மீது வட்டுப் படிமமாக எழுதுவதும் வெவ்வேறு செயல்கள் என்பதை அவருக்கு எவரும் சொல்லியிருப்பதில்லை.

குறுந்தகட்டுக் காலத்தில் இந்தக் குழப்பம் இந்த அளவுக்கு நேர வாய்ப்பில்லை. குறுந்தகட்டிலிருந்து கணினியைத் தொடங்கும் முறை, ஃபீனிக்ஸ், ஐ.பி.எம். நிறுவனங்கள் 1995இல் வெளியிட்ட எல் டொரிட்டோ வரையறையால் நிலைபெற்றது. குறுந்தகட்டில் எழுதுவதற்குத் தனி மென்பொருள் தேவைப்பட்டது. எழுதும் செயலுக்கு "எரித்தல்" என்று தனிப்பெயரே வழங்கியது. 2000ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்த பென்டிரைவோ கோப்புகளைத் தூக்கிச் செல்லும் பையாகவே அறிமுகமாயிற்று. பின்னர் அதுவே நிறுவல் ஊடகமானபோது, பழகிய பொருளுக்குப் பழக்கமில்லாத பணி வந்து சேர்ந்தது. உபுண்டு 2008 அக்டோபரில் வெளியிட்ட 8.10 பதிப்பில் தொடக்க வட்டு உருவாக்கும் கருவியைச் சேர்த்தது. விண்டோஸ் 7க்கு மைக்ரோசாப்ட் 2009இல் தனிக்கருவி வழங்கியது. 2011இல் ரூஃபஸ் வந்தது. பல படிமங்களை ஒரே பென்டிரைவில் வைத்துக்கொள்ள உதவும் வென்டாய் 2020இல் வந்தது, இது ஐ.எஸ்.ஓ. கோப்பை அப்படியே நகலெடுத்து வைத்தாலும் தொடங்கவல்லது. பயனர்கள் பன்னிரண்டு ஆண்டுகளாகச் செய்துவந்த "பிழை" இறுதியில் சரியான வழிமுறையாகவே ஏற்கப்பட்டது என்பது இவ்வரலாற்றின் சுவையான திருப்பம்.

ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென்டிரைவில் 4 ஜி.பி.யை எட்டும் கோப்பு நுழையாது என்பதும் இங்கே சேர்த்துச் சொல்லத்தக்கது. யூ.ஈ.எஃப்.ஐ. கணினிகள் ஃபேட் வகைக் கோப்பமைப்பைப் படித்தே தொடங்குகின்றன. விண்டோஸ் நிறுவல் படிமத்திலுள்ள பெரிய கோப்போ பல வேளைகளில் அந்த வரம்பைக் கடந்துவிடுகிறது. இறக்கும்போதே சிதைந்த படிமமும் உண்டு. வெளியீட்டாளர் தரும் சரிபார்ப்புத் தொகையோடு ஒப்பிட்டால் அது உடனே தெரிந்துவிடும். அந்த ஒப்பீட்டைச் செய்யாமல் மாலை முழுவதையும் வீணாக்கியவர்கள் பலர்.

மின்விசை அழுத்தியபின் வரும் மொழி

பென்டிரைவ் சரியாக எழுதப்பட்டிருந்தாலும் கணினி அதை நாடாமல் உள்வட்டையே தேடிச் செல்லலாம். அப்போது எஃப்2, எஃப்12, எஸ்கேப், டெலீட் ஆகியவற்றுள் அந்த நிறுவனம் வைத்த விசை எதுவோ அதனை உரிய நொடியில் அழுத்திப் பயாஸ் அமைப்புத் திரைக்குள் செல்ல வேண்டும். தொடக்க வரிசையை மாற்ற வேண்டும். தேவையெனில் பாதுகாப்புத் தொடக்கத்தை நிறுத்த வேண்டும். இவை அனைத்தும் கணினியின் தாய்ப்பலகையிலேயே பதிந்துள்ள ஃபர்ம்வேர் எனும் நிலைபொருளின் திரையில் நிகழ்பவை. "பூட் ஆகவில்லை" என்று பேச்சுவழக்கில் சொல்லும்போது கேட்பவர் காதில் "பூட்டு" விழுவதுண்டு. இந்தத் திரையின் முன் நிற்பவருக்கு அந்தப் பொருளும் பொருந்தாமல் இல்லை.

1981இல் ஐ.பி.எம். வெளியிட்ட தனிக்கணினியின் எழுத்துத் தொகுதியில் 256 வடிவங்கள் இருந்தன. அவற்றுள் é, ç, à, è, ê போன்ற பிரெஞ்சு எழுத்துகளும் இடம்பெற்றன. ஆகவே, எந்த இயங்குதளமும் ஏறாத நிலையிலும் பிரெஞ்சு வாசகத்தை ஓரளவு செம்மையாகக் காட்ட அந்தக் கணினியால் இயன்றது. எண்பது நிரல், இருபத்தைந்து வரி என்ற கட்டத்துக்குள் ஓர் எழுத்துக்கு ஒரு பெட்டி என்பதே அதன் இலக்கணம். பெட்டிகள் அனைத்தும் ஒரே அகலம். ஒரு குறியீட்டுக்கு ஒரு வடிவம்.

பயாஸின் இடத்தைப் பிடித்த யூ.ஈ.எஃப்.ஐ., பன்மொழிப் பயன்பாட்டை எண்ணியே வகுக்கப்பட்டது. அதன் வரையறையில் மனித இடைமுகத்துக்கென ஒரு தனிப்பகுதி உண்டு. வாசகங்களைப் பல மொழிகளில் சேமிக்கவும் வேண்டிய மொழியைத் தேர்ந்தெடுக்கவும் அதில் வழியுண்டு. ஆனால் அதன் எளிய எழுத்துரு இரண்டே வகை: 8க்கு 19 புள்ளி கொண்ட குறுகிய வடிவம், 16க்கு 19 புள்ளி கொண்ட அகன்ற வடிவம். அகன்ற வடிவம் சீன, சப்பானிய எழுத்துகளுக்குப் பொருந்தியது. ஒரு குறியீட்டுக்கு ஒரு பெட்டி என்ற பழைய இலக்கணம் மாறவில்லை. சந்தையிலுள்ள பல மடிக்கணினிகளின் அமைப்புத் திரையில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சு, செருமன், எசுபானியம், சீனம், சப்பானியம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கலாம், தமிழ் இருப்பதில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு அறிந்தவர் சிறுபான்மையினர். இருப்பினும் நகரின் மேசைகளில் உள்ள கணினிகளிற் பல, இயங்குதளம் ஏறும் முன்னரே பிரெஞ்சு பேசவல்லவை.

கொம்பு எங்கே நிற்கிறது

தமிழுக்கு இந்தப் பெட்டி ஏன் பொருந்தவில்லை என்பதற்கான விடை அச்சுக்கூட வரலாற்றிலிருந்து தொடங்குகிறது. முசே, துய்புய் என்னும் மறைப்பணியாளர்கள் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855, 1862 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாகப் புதுச்சேரி மிஷன் அச்சகத்தில் வெளியாயிற்று. ஈய எழுத்துகளைக் கோத்தவர் "கொ" என்னும் எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடுக்கினார்: முதலில் கொம்பு, பிறகு ககரம், அதன்பின் கால். ஒலி எந்த வரிசையில் பிறக்கிறது என்பது அவருக்குத் தேவைப்படவில்லை.

1990களில் உருவான டிஸ்கி, 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டை ஒட்டி வந்த டாப் ஆகிய எட்டு பிட்டுக் குறியாக்கங்கள் இதே மரபைப் பின்பற்றின. அவற்றில் கொம்பு தனிக்குறியீடாக மெய்க்கு முன்னே நின்றது. 1978ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை முதலியவற்றின் பழைய கூட்டுவடிவங்களை நீக்கியிருந்ததால், தேவையான வடிவங்களின் எண்ணிக்கையும் 256 இடங்களுக்குள் அடங்கியது. அகலத்தில் நெருக்கடி இருப்பினும், கொள்கையளவில் அந்தத் தமிழைப் பெட்டிக் கட்டத்தில் வைத்துவிடலாம்.

ஒருங்குறி வேறு வழியைத் தேர்ந்தது. இந்தியக் குறியாக்கத் தரமான இஸ்கியை ஒட்டி, மெய்யை முதலிலும் உயிர்க்குறியை அடுத்தும் சேமிக்கும் ஒலிவரிசையை அது கைக்கொண்டது. தேடலுக்கும் அகரவரிசைப்படுத்தலுக்கும் பிறமொழிகளோடு ஒத்தியங்கவும் இதுவே ஏற்ற முறை. 2010 சூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றதும் முறையான முடிவே. ஆயினும் ஒலிவரிசையில் சேமித்ததைக் கண்வரிசையில் காட்ட, கொம்பை முன்னே நகர்த்தி, ஒகரத்தை இரண்டாகப் பிளந்து, "கு", "கூ" போன்றவற்றுக்குத் தனிவடிவம் தேரும் ஒரு வடிவாக்க நிரல் இடையில் இயங்க வேண்டும். அத்தகைய நிரல் வரைகலைச் சூழலில் உண்டு. பயாஸ் திரையில் இல்லை. லினக்சின் எழுத்து முனையத்திலும் இல்லை. அம்முனையம் ஒரு வேளையில் 512 வடிவங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாது. தமிழ் உலகத் தரத்துக்குள் நுழைந்ததற்கு ஈடாக எழுத்துத் திரையை இழந்தது. அந்த இழப்பைப் பெரிதாகக் கருதியவர் அன்று அதிகமில்லை. வரைகலைத் திரையே எங்கும் வந்துவிடும் என்ற எதிர்பார்ப்பில் ஓரளவு நியாயமும் இருந்தது.

டெபியன் நிறுவியில் தமிழ்

2007 ஏப்ரல் 8ஆம் நாள் வெளியான டெபியன் 4.0 பதிப்பில் வரைகலை நிறுவி முதன்முறையாக அதிகாரமுறையில் சேர்ந்தது. தன்னார்வலர்கள் மொழிபெயர்த்த தமிழ் வாசகங்களை நிறுவல் திரையில் காண அதுவே வழி திறந்தது. டெபியனின் எழுத்துமுறை நிறுவியில் மொழிப்பட்டியலைத் திறந்தால் பிரெஞ்சு இருக்கும். தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றும் இரா. அவை வரைகலை நிறுவியில் மட்டுமே தோன்றும். புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு மொழிகளுள் எழுத்துத் திரையில் நிற்கவல்லது பிரெஞ்சு ஒன்றே என்பது இதன் பொருள்.

வரைகலை நிறுவியே இயல்பான முதல் தேர்வாக வந்தது 2015 ஏப்ரலில் வெளியான டெபியன் 8 பதிப்பில். இடைப்பட்ட எட்டு ஆண்டுகள், தமிழில் நிறுவ விரும்பியவர் முதற்பட்டியலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வரைகலைத் தேர்வைத் தாமே கண்டு தேர வேண்டியிருந்தது. தமிழைப் பெறுவதற்கு முன்நிபந்தனை ஆங்கிலம் படிக்கத் தெரிவது என்றாயிற்று.

சிக்கல் தீர்க்கும் வழிகளும் இதே முரணில் சிக்குகின்றன. வரைகலை அட்டை ஒத்துழைக்காமல் திரை கறுத்துப்போனால், எழுத்துமுறையில் நிறுவுமாறும் பாதுகாப்பான வரைகலை முறையைத் தேருமாறும் அறிவுறுத்துவர். முதல் வழி பிழையைக் கடக்க உதவும்; கூடவே தமிழையும் நீக்கிவிடும். எல்லாம் சரியாக நடக்கும் கணினியில் தமிழ் கிடைக்கிறது, உதவி தேவைப்படும் கணினியில் கிடைப்பதில்லை.

சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்சு, தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழி பெரும் பரவல் பெற்றது. அம்மடிக்கணினிகளில் விண்டோசும் பாசும் ஒருங்கே இருந்தன. புதுச்சேரியைச் சூழ்ந்துள்ள விழுப்புரம், கடலூர் மாவட்ட மாணவர் கைகளுக்கும் அவை சென்றன. இரண்டு இயங்குதளங்கள் ஒரே வட்டில் வாழும் நிலை, அதற்கேயுரிய பிழைகளோடு, இப்பகுதியின் அன்றாட அனுபவமாயிற்று. அவற்றுள் ஒன்று நேரக் குழப்பம். விண்டோஸ் கணினியின் உட்கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை வைக்கிறது. லினக்சு உலகப் பொதுநேரத்தை வைக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது கடிகாரம் சரியாக 5 மணி 30 நிமிடம் பிசகி நிற்கும். பிசகின் அளவைக் கண்டே காரணத்தை அறிந்துவிடலாம் என்பதால், பிழைகளுள் இது நேர்மையானது.

இந்தக் காலத்தில் தமிழில் வழிகாட்டும் எழுத்தும் வளர்ந்தது. 2012 சனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கிவருகிறது. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் செயல்படுகிறது.

வட்டைப் பிரிக்கும் சொல்

நிறுவலில் மீளமுடியாத இழப்பு நேரும் திரை ஒன்றே: வட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் திரை. இங்கு வரைகலை நிறுவி தமிழில் பேசுகிறது. ஆனால் எந்தத் தமிழ் என்னும் கேள்வி எழுகிறது. வட்டின் பகுதியைக் குறிக்கப் பகிர்வு, பிரிவு, பாகம் என்னும் சொற்கள் தமிழ்க் கணினி எழுத்துகளில் மாறி மாறி வழங்குகின்றன. இவற்றுள் "பகிர்வு" தமிழாக்கங்களில் வேரூன்றிய சொல். பகுத்தல் என்னும் பொருளில் அது பழுதற்றது. எனினும் சமூக ஊடகங்களின் வரவுக்குப்பின் அதே சொல் ஒன்றைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளுதலுக்கு நிலைத்துவிட்டது. கைப்பேசியில் நாள்தோறும் அந்தப் பொருளிலேயே அதைக் காணும் ஒருவர், "பகிர்வை நீக்கு" என்ற பொத்தானைத் தம் கோப்புகளைப் பிறர் பார்ப்பதை நிறுத்தும் வழி என்று கொள்ள இடமுண்டு. அழிவதோ அவருடைய படங்களும் ஆவணங்களும். மொழிபெயர்ப்பாளரின் பிழை இதில் இல்லை. சொல் அவர் கையைவிட்டு நகர்ந்துவிட்டது. "வட்டுப் பிரிவு" என்று மாற்றுவது இன்று அதிகப் பாதுகாப்பானது. கலைச்சொல்லின் தரத்தைச் சொற்பிறப்பால் மட்டும் அளக்காமல், தவறாகப் புரிந்தால் நேரும் இழப்பாலும் அளக்க வேண்டிய இடம் இது.

விசைப்பலகைத் தேர்வும் இத்தகையதே. நிறுவல்மொழி தமிழ் எனில், தமிழ் அமைப்புக்கும் இலத்தீன் அமைப்புக்கும் இடையே மாற எந்த விசை வேண்டும் என்று டெபியன் கேட்கிறது. கடவுச்சொல்லை எந்த நிலையில் தட்டச்சிட்டோம் என்பது திரையில் தெரிவதில்லை. பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவந்த மடிக்கணினியில் இந்தச் சிக்கல் வேறு வடிவம் எடுக்கும். பிரெஞ்சு விசைப்பலகையில் ஏ-யும் க்யூ-வும் இடம் மாறியிருக்கும். இசட்டும் டபிள்யூ-வும் அவ்வாறே. எண்களைப் பெற ஷிஃப்ட் விசையை அழுத்த வேண்டும். நிறுவும்போது ஆங்கில அமைப்பைத் தேர்ந்துவிட்டு விசைமுகப்பில் அச்சிட்டதைப் பார்த்துத் தட்டச்சிட்டவரின் கடவுச்சொல், அமைப்பு திருத்தப்பட்ட மறுகணம் "தவறு" என மறுக்கப்படும்.

கையொப்பமும் பூட்டும்

2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது பாதுகாப்புத் தொடக்கம் புதிய கணினிகளில் இயல்பு நிலையாயிற்று. கையொப்பமில்லாத தொடக்க நிரலை நிலைபொருள் ஏற்காது. உபுண்டு 12.10, ஃபெடோரா 18 முதலியன மைக்ரோசாப்டின் கையொப்பம் பெற்ற ஷிம் என்னும் சிறுநிரலை முன்வைத்து இதைக் கடந்தன. கட்டற்ற இயங்குதளத்தின் முதல் அடி, கட்டுள்ள நிறுவனத்தின் கையொப்பத்தைச் சார்ந்து நிற்க நேர்ந்தது. 2024 ஆகஸ்டில் வெளியான ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு பழைய ஷிம் நிரல்களைத் தள்ளுபடி செய்தபோது, இரட்டை இயங்குதளக் கணினிகள் பலவற்றில் லினக்சு தொடங்க மறுத்தது. பழைய நிறுவல் பென்டிரைவுகளும் பயனற்றுப் போயின. திரையில் நின்றது பாதுகாப்புக் கொள்கை மீறப்பட்டது என்னும் ஓர் ஆங்கில வரி. பயனர் எதையும் மீறியிருக்கவில்லை.

நிறுவி உள்வட்டையே காணாத நிலையும் உண்டு. இன்டெலின் சேமிப்பக மேலாண்மை முறை இயக்கத்தில் இருந்தால் உரிய இயக்கி இல்லாத நிறுவிக்கு வட்டு புலப்படாது. விண்டோஸ் தன் விரைவுத் தொடக்க வசதியால் முழுமையாக அணையாமல் உறங்கும்போது, அதன் வட்டுப்பகுதியை லினக்சு எழுதுவதற்குத் திறக்காது. வட்டு மறையாக்கம் செயலில் உள்ள கணினியில் தொடக்க அமைப்பை மாற்றினால் மீட்புச்சாவி கேட்கப்படும். அதை முன்பே குறித்து வைக்காதவர் கணினியையும் தரவையும் ஒருசேர இழக்கக்கூடும். அருகலை அட்டைக்கான கட்டுள்ள நிலைபொருளை டெபியன் தன் அதிகாரமுறைப் படிமத்தில் நெடுங்காலம் சேர்க்காதிருந்தது. 2022 அக்டோபரில் உறுப்பினர் வாக்கெடுப்பு நடந்து, 2023 சூனில் வந்த டெபியன் 12 முதல் அது சேர்க்கப்பட்டது. அதுவரை நிறுவி இரண்டாவது பென்டிரைவைக் கேட்டது. இணைப்பு இல்லாதவரை இணையத்திலிருந்து கோப்பை எடுத்துவரச் சொன்னது.

காகிதமும் கைப்பேசியும்

லினக்சின் கருவகச் செய்திகள் ஆங்கிலத்தில் மட்டுமே எழுதப்படுகின்றன. அவற்றைத் தேடவும் ஒப்பிடவும் ஒரே வடிவம் இருப்பது உதவும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அக்காரணம் வலுவானது. தமிழாக்கிய பிழைச்செய்தியை இணையத்தில் தேடினால் விடை கிடைப்பது அரிது என்பதை இயங்குதளத்தைத் தமிழில் பயன்படுத்துவோர் நன்கு அறிவர். எனவே பிழைவரியை மாற்றாமல் விட்டு, அதன் விளக்கத்தை வேறோர் இடத்தில் தமிழில் தருவதே நடைமுறையில் வெல்லக்கூடிய வழியாகத் தெரிகிறது.

அந்த வேறிடம் பெரும்பாலும் கைப்பேசி. கணினித் திரையின் பிழையைப் படமெடுத்து அனுப்பி, மறுமுனையில் உள்ளவர் தமிழில் விடையெழுதும் வழக்கம் இன்று இயல்பாகிவிட்டது. லினக்சு கருவகத்தின் 6.12 பதிப்பில், கணினி முற்றாக நிலைகுலையும்போது பிழைவிவரத்தைக் கியூஆர் குறியாகத் திரையில் வரையும் வசதி சேர்ந்துள்ளது. புள்ளிகளால் ஆன அந்தச் சதுரத்துக்கு வடிவாக்க நிரல் தேவையில்லை. 8க்கு 19 பெட்டியின் கட்டுப்பாடும் இல்லை. அதைப் படிக்கும் கைப்பேசியில் கொம்பு தனக்குரிய இடத்தில் நிற்கிறது. அங்குத் தோன்றும் வரி இன்னும் ஆங்கிலத்தில்தான் உள்ளது. அந்த வரிக்கு எதிரே வைக்க வேண்டிய தமிழ் விளக்கத் தொகுப்பு எழுதப்படக் காத்திருக்கிறது. அதுவரை, விசைகளின் பெயரும் செய்ய வேண்டியவையும் தமிழில் அச்சிட்ட ஒற்றைத் தாளைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வதே கைவசமுள்ள வழி.